முனியாண்டி மாலையும் நாலு மாடிக் கடையும்

காளியண்ணனுக்கு அணில் சுடுவதுதான் உத்தியோகம். சொன்னால் சிரிப்பார்கள். அதற்கெல்லாமா ஒரு ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பார்கள். சிரிக்கிறவர்களுக்குக் கொக்கோவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். தஞ்சோங் காராங்கைத் தாண்டி, சுங்கை புரோங் வயல்களுக்கு இந்தப் பக்கம் இருந்த அந்தத் தென்னந்தோட்டத்தில் மரங்களுக்கு அடியில் கொக்கோ நட்டிருந்தார்கள். காய் பழுக்கிற நேரம் பார்த்து அணில் வரும். ஒரு ஓட்டை போட்டு உள்ளே இருக்கிற இனிப்பைச் சப்பிவிட்டு அடுத்த காய்க்குத் தாவிவிடும். ஒரு காய் முழுதாகத் தின்று பசி ஆறுகிற பழக்கமே அதற்குக் கிடையாது. நான்கு அணில் சேர்ந்தால் ஒரு காலைக்குள் ஒரு கூடைக் காயைக் குப்பையாக்கிவிடும்.

முன்பு காளியண்ணன் அதே தோட்டத்தில் கள் இறக்குகிறவராக இருந்தார். எழுபத்திரண்டில் மழை ஈரத்தில் மரத்திலிருந்து வழுக்கி விழுந்து இடது கால் ஒரு சாண் சதைபோய், எலும்பு கோணலாகக் கூடி, குட்டையாகிப் போனது. மரம் ஏறவும் முடியாது, மூட்டை தூக்கவும் முடியாது. அப்போதிருந்த மேனேஜர் அவர் கண்ணின் கூர்மையைப் பார்த்து, தோட்டத்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக அந்தத் துப்பாக்கிதான் அவருக்கும் லெட்சுமிக்கும் சோறு போட்டது. லெட்சுமிக்கு முதுகு வலி. வெளி வேலையை விட்டு ஆறு வருஷமாகிவிட்டது. வேலை செய்கிற ஆள் ஒருத்தராவது வீட்டில் இருந்தால்தான் தோட்டத்து லய வரிசையில் வீடு. அந்த ஒருத்தர் காளியண்ணன்.

வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு தோட்டா, ஒரு வால். வாரத்துக்கு எத்தனை தோட்டா வாங்கினாரோ அத்தனை அணில் வாலைச் சனிக்கிழமை கணக்கெழுதுகிற கிராணி தேவதாஸின் மேசைக்கு முன்னால் வரிசையாக வைக்க வேண்டும். குறைந்தால் அந்தத் தோட்டாவின் விலை சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும். காளியண்ணனுக்கு ஒரு தடவையும் பிடித்ததில்லை. குறி தவறாதவர் என்று பேர். நொண்டிக் காலோடு நடக்கும்போதுகூட அந்தப் பேர் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அணில், ராமர் தடவிக் கொடுத்த பிராணி. அதைப் போய்ச் சுடுவதா? தோட்டத்து ஆட்கள் சமாதானம் சொன்னார்கள். இந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது, வயிறு வேறு சிவப்பு, ஆகவே இது ராமர் தொட்ட சாதி இல்லை என்றார்கள். “கோடு இல்லாட்டி உசுரு இல்லாம போயிடுமா?” என்று காளியண்ணன் கேட்டார். அதற்கு அவரே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார். எல்லைக் கால்வாய் ஓரத்தில் இருந்த முனியாண்டியிடம் போனார். ஒவ்வொரு அணிலுக்கும், வெடித்து முடிந்த தோட்டாவின் வெறும் கூட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று நேர்ந்துகொண்டார். சிவப்புக் கூட்டின் பித்தளை அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பில் கோத்து, வருஷத்துக்கு ஒரு மாலை. பழைய மாலைகள் வெயிலில் வெளுத்து, பித்தளை பச்சை பிடித்துக் கிடந்தன. எண்பத்து நாலாம் வருஷத்து மாலை மட்டும் சிவப்பாக, சாமியின் கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கியது. காற்றடித்தால் கலகலவென்று சத்தம் வரும். ஒரே ஒரு கூட்டை மட்டும் அவர் தன்னிடம் வைத்திருந்தார். அதில் முனியாண்டி விபூதியை நிரப்பி, வாயைக் காகிதத்தால் அடைத்து, சட்டைப் பையில் போட்டிருப்பார்.

அந்த வருஷம் கம்பெனி கைமாறியது. புதுத் தலைமை அலுவலகத்துக்குத் துப்பாக்கி என்றாலே நடுக்கம். தோட்டத்துத் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். இனிமேல் கம்பெனி பேரில் துப்பாக்கி கிடையாது. அணில் சுடுகிற ஆள் தன் பேரில் லைசன் எடுத்து, தன் துப்பாக்கியோடு வந்தால் வேலை. இல்லையென்றால் அக்டோபர் முதல் தேதியிலிருந்து வெளியாள் காண்ட்ராக்ட். அந்த வெளியாள் சுங்கை பஞ்சாங்கில் இரட்டைக் குழாயோடு தயாராக இருந்தான்.

காளியண்ணன் போலீசில் மனுக் கொடுத்தார். விரல் ரேகை, விசாரணை எல்லாம் முடிந்து அனுமதிக் கடிதம் வந்தது. ஒற்றைக் குழாய்த் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு கடிதம் செல்லாது, மறுபடி மனு, மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. புதுத் துப்பாக்கி அவர் சக்திக்கு எட்டாது. பழையது எந்தக் கடையிலும் இல்லை. கடைசி வாரத்தில்தான் கிள்ளானில் நாலு மாடிக் கடையில் ஒன்று வந்திருப்பதாகச் சேதி கிடைத்தது.

திங்கட்கிழமை போனார். அந்தக் கடையில் ஊசியிலிருந்து மோட்டார்படகு வரை எல்லாம் விற்கும். மின்விசிறி, சோற்றுப் பானை, தூண்டில் எல்லாவற்றையும் தாண்டி மூன்றாம் மாடிக் கோடியில் துப்பாக்கிப் பிரிவு. அங்கே சீருடையில் சந்திரிகா என்ற தமிழ்ப் பெண் நின்றாள். அவளைக் கண்டதும் காளியண்ணனுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. தீர்ந்திருக்க வேண்டாம்.

“பழசு இருக்குண்ணே. ஒண்ணே ஒண்ணுதான்,” என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றது. கட்டையில் ஒரு கீறல், அதன்மேல் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. பார்த்த உடனே அவருக்குப் பிடித்துவிட்டது.

“எடும்மா, கையில புடிச்சுப் பாக்கறேன்.”

“யூஸ்ட் சாமான் தொட்டுப் பாக்க முடியாதுண்ணே. பணம் கட்டின பெறகுதான்.”

“தொடாம எப்படிம்மா வாங்கறது? கத்திரிக்காயக்கூட அமுக்கிப் பாத்துத்தானே வாங்கறோம்?”

“பாலிசிண்ணே. கடை பாலிசி.”

பாலிசி என்றால் செத்தால் பணம் வரும் என்று இன்சூரன்ஸ்காரர் விளக்கியதுதான் காளியண்ணனுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற மனிதனின் உயிரை வாங்குவதற்கும் ஒரு பாலிசி உண்டென்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார். போலீஸ் கடிதத்தைக் காட்டினார். போதாது, வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள். அதையும் கொண்டு வந்திருந்தார். அவள் கையெழுத்தைப் பார்த்தாள்.

“இது கிராணி சைன் பண்ணது. மேனேஜர் சைன் வேணும்லா.”

“அடுத்த தடவ கொண்டாரேன். அதுவரைக்கும் இத ஒதுக்கி வைம்மா. வேற யாருக்கும் குடுத்துடாத.”

“யூஸ்ட் சாமான் ஒதுக்கி வைக்க மாட்டோம். யாரு மொதல்ல முழு டாக்குமெண்ட் கொண்டாராங்களோ அவங்களுக்குத்தான்.”

மேனேஜர் கோலாலம்பூர் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம்தான் வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு புதன்கிழமை மறுபடி கிள்ளானுக்கு பஸ் ஏறினார் காளியண்ணன். காலையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று துப்பாக்கிப் பிரிவை மூடி வைத்திருந்தார்கள். மின்விசிறிகளுக்கு நடுவே இரண்டு மணிவரை நின்றார். குட்டைக் கால் கடுத்தது. திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கடிதத்தை நீட்டினார். சந்திரிகா எல்லாவற்றையும் சரிபார்த்தாள், தலையாட்டினாள், ஒரு இழுப்பறையைத் திறந்து அட்டை ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, உங்க தோட்டத்துக்கு நாங்கதான் தோட்டா சப்ளை. சுடற ஆளுன்னு உங்க பேரு இருக்கு. ஜனவரிலேருந்து எரநூத்து நாப்பது தோட்டா போயிருக்கு. காலிக் கூடு ஒண்ணுகூட திரும்பி வரல.”

“திரும்பிக் குடுக்கணும்னு யாரு சொன்னா?”

அவள் சுவரைக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. காளியண்ணனுக்கு அது சுவரில் அப்பிய எறும்புக் கூட்டம் மாதிரி இருந்தது. சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் மிஸ்டர் லோ வந்தார். கண்ணாடி போட்ட, குரலே உயர்த்தாத மனிதர். மலாயில் பொறுமையாக விளக்கினார். காலிக் கூட்டில் மறுபடி மருந்து அடைத்துத் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். அதனால் கடை இந்த வருஷம் ஒரு பாலிசி கொண்டுவந்திருக்கிறது. கூடு திரும்பாத ஆளுக்குத் துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை.

“அப்படின்னா எட்டு மாசமா தோட்டத்துக்கு எப்படித் தோட்டா குடுத்தீங்க?” என்று காளியண்ணன் கேட்டார்.

பெரிய கம்பெனி, பழைய வாடிக்கை, அதனால் விட்டுக்கொடுத்தோம் என்றார் மிஸ்டர் லோ. தனி ஆள் என்று வந்தால் பாலிசி பாலிசிதான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கம்பெனிக்கு வளைகிற பாலிசி காளியண்ணனுக்கு மட்டும் இரும்புக் கம்பியாகிவிட்டது.

தோட்டத்துக்கு வந்து நேரே கிராணியிடம் போனார். தேவதாஸ் ஒரு கோப்பைப் புரட்டி, கடை அனுப்பிய சுற்றறிக்கையை எடுத்தார். அழகாக ஓட்டை போட்டு, தேதி முத்திரை குத்தி வைத்திருந்தார்.

“வந்துச்சு காளியண்ணே. பத்திரமா ஃபைல் பண்ணிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா கிராணி?”

“கூட்டை நீ என்ன செய்யறேன்னு எனக்கென்ன தெரியும்? எனக்கு வாலு சரியா வந்தா போதும்.”

இருநூற்று நாற்பது கூடும் எங்கே இருக்கின்றன என்று காளியண்ணனுக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்குச் சொந்தக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை சாயந்திரம் சோறு போடும்போது லெட்சுமிதான் ஆரம்பித்தாள்.

“என்னா செய்யப் போறீங்க?”

“எடுக்கத்தான் வேணும்.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “குடுத்தத திருப்பி எடுக்கறதா? கொழந்தக்கி முட்டாய குடுத்துட்டுப் புடுங்கற மாதிரி? அவரு யாருன்னு தெரியும்ல?”

“தெரியும். நாளைக்கு துப்பாக்கி வாங்கலைன்னா திங்கக்கெழம வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அதுவும் தெரியும். ஒன் தம்பி வீட்டுல போய் நாம ரெண்டு பேரும் எத்தன நாளைக்கு இருக்கறது?”

ராவாங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கிற தம்பியின் இரண்டு அறை வீட்டை நினைத்தாள் போலிருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எடுக்கறதுன்னா கேட்டுட்டு எடுங்க,” என்றாள். “திருடிக்கிட்டு வராதீங்க.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, எலுமிச்சம்பழமும் சுருட்டும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு போனார். கற்பூரம் கொளுத்தி முனியாண்டிக்கு முன்னால் நின்றார். நேர்ந்துகொண்டபோது வார்த்தை தாராளமாக வந்தது. திருப்பிக் கேட்கும்போது ஒன்றும் வரவில்லை.

“கடக்காரன் கேக்கறான்யா,” என்றார் கடைசியில். “ஒன்கிட்ட பொய் சொல்ல வரல. எனக்கு வேற வழி தெரியல. அவன் கேட்டதுக்கு மேல ஒண்ணு எடுக்க மாட்டேன்.”

கழுத்திலிருந்து மாலையை எடுத்தார். நரம்பை அவிழ்த்து ஒவ்வொன்றாக உருவினார். இருநூற்று நாற்பது. மூன்று தடவை எண்ணினார். மிச்சம் ஏழு இருந்தது. ஒன்று கூடுதலாக எடுத்து வைத்தால் நல்லதோ என்று மனம் சொன்னது. சொன்ன சொல்லை நினைத்து அந்த ஏழையும் திருப்பிக் கோத்து சாமியின் கழுத்திலேயே போட்டார். முழங்கால்வரை தொங்கிய மாலை இப்போது கழுத்தைக்கூடச் சுற்றவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கூடுகளை ஒரு அரிசிப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். சந்தனமும் குங்குமமும் அப்பிய கூடுகள். கோலசிலாங்கூர் பாலத்தைத் தாண்டி, ஜெராம் பக்கம் போகும்போது பஸ் நின்றது. சாலைத் தடுப்பு. போலீஸ்காரர் இருவர் ஏறி ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

காளியண்ணன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் துப்பாக்கி, தோட்டா என்ற பேச்சு வந்தாலே அடுத்த சொல் தூக்குத்தான். அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் அது துப்பாக்கி வாங்கத்தான். இருநூற்று நாற்பது கூட்டை மடியில் வைத்திருக்க எந்தக் கடிதமும் இல்லை. பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாமா என்று நினைப்பதற்குள் போலீஸ்காரரின் கை பையின் மேல் இருந்தது.

“ஆப்பா இனி?” என்று மலாயில் இது என்னவென்று கேட்டவர், முடிச்சை அவிழ்த்ததும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கையைக் காட்டினார். இறங்கு.

பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளி நின்றுகொண்டார். சாலை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்துப் பை முழுவதையும் கொட்டினார்கள். ஒரு சார்ஜென்ட் வந்து குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கூடாக எடுத்து உள்ளே பார்த்தார். உயிருள்ள தோட்டா ஒன்றாவது கிடக்கிறதா என்று தேடுகிறார் என்பது காளியண்ணனுக்குப் புரிந்தது. தானே மூன்று தடவை எண்ணியவர்தான். இருந்தாலும், ஒன்று இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று சார்ஜென்ட்டின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர் ஹாரனை அடித்தார், பிறகு காத்திருக்க முடியாமல் கிளம்பிப் போய்விட்டார்.

“இந்தச் சிவப்புப் பொடி என்ன?” என்று சார்ஜென்ட் மலாயில் கேட்டார்.

“சாமிக்குப் போட்டது, துவான்.”

“பிறகு ஏன் உன் கையில்?”

கடைப் பாலிசியைக் காளியண்ணன் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். சார்ஜென்ட் போலீஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கூடுகளைத் தானே பையில் அள்ளிப் போட்டு முடிச்சுப் போட்டார்.

“இன்றைக்கு முடிகிறது கடிதம். சீக்கிரம் போ,” என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்.

நாலு மாடிக் கடையின் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தபோது, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வேறொரு ஆள் நின்றிருந்தான். பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கியைத்தான் விரலால் காட்டிக்கொண்டிருந்தான். காளியண்ணனின் கால் அங்கேயே நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தார். அப்போது சந்திரிகாவின் குரல் கேட்டது. யூஸ்ட் சாமானைத் தொட்டுப் பார்க்க முடியாது என்று அந்த ஆளுக்கு மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையிடத்துக் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்றாள். அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். ஐந்து நாளாகத் தன்னை வதைத்த பாலிசியைக் காளியண்ணன் அந்த ஒரு நிமிஷம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

பையைக் கண்ணாடி மேசைமேல் கொட்டினார். சந்தன வாசனை அந்த மாடி முழுக்கப் பரவியது. மிஸ்டர் லோ முகம் சுளிக்காமல், கையுறை போட்டுக்கொண்டு பத்துப் பத்தாக அடுக்கினார். சந்திரிகா எழுதினாள். இருபத்து மூன்று அடுக்கு ஆயிற்று. கடைசி அடுக்கில் ஒன்பதாவதை வைத்துவிட்டு, பத்தாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதன் நிறம் சிவப்புத்தான். அடியில் இருந்த பித்தளை முத்திரை வேறாக இருந்தது.

“இது எங்கள் சரக்கு இல்லை,” என்றார்.

மார்ச் மாதம் வெள்ளத்தில் லாரி வராதபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து எட்டுத் தோட்டா கடன் வாங்கியது காளியண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதிலிருந்து ஒன்று கலந்துவிட்டது.

“ஒண்ணுதான்யா. எரநூத்து முப்பத்தொம்போது இருக்கு. ஒண்ணுக்காகவா?”

“நாளைக்குக் கொண்டுவந்தால் போதும். துப்பாக்கி எங்கேயும் போகாது.”

“கடுதாசி இன்னிக்கோட முடியுது!”

மிஸ்டர் லோ கடிதத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வருத்தமாகத்தான் தலையை ஆட்டினார். இருநூற்று நாற்பது என்று அட்டையில் இருந்தால் இருநூற்று நாற்பதுதான் வேண்டும் என்றார்.

ஏழு கூடு சாமியின் கழுத்தில் இருந்தது. போய்வர நாலு மணி நேரம். காளியண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மார்பில் ஏதோ அழுத்தியது. கையை வைத்துப் பார்த்தார். சட்டைப் பை.

கூட்டை எடுத்து, காகித அடைப்பைப் பிடுங்கினார். விபூதியை உள்ளங்கையில் கொட்டினார். கை நிறைய வந்தது. கீழே கொட்ட மனமில்லை. நெற்றி முழுக்கப் பூசினார், கழுத்தில் பூசினார், அப்படியும் மிச்சம் இருந்தது. சந்திரிகா ஒருமுறை மிஸ்டர் லோவைப் பார்த்துவிட்டு, மேசைக்கு மேல் கையை நீட்டினாள். மிச்சத்தை அவள் கையில் போட்டார். அவள் கண்ணை மூடி இட்டுக்கொண்டாள்.

மிஸ்டர் லோ கூட்டைத் திருப்பிப் பித்தளை முத்திரையைப் பார்த்தார். பத்தாவது இடத்தில் வைத்தார்.

பணம் கட்டி, ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டு, முதல் முறையாக அந்தத் துப்பாக்கியைத் தொட்டார். கையில் பிடித்ததுமே பழகியதாகத்தான் இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை.

“இந்தக் கூடெல்லாம் என்னம்மா செய்வீங்க?”

“நசுக்கி எடைக்குப் போட்டுடுவாங்கண்ணே,” என்றாள் சந்திரிகா மெல்ல. “இனிமே ஒவ்வொரு தடவயும் அப்படித்தான். பழைய கூட்டக் குடுத்தாத்தான் புதுத் தோட்டா.” அவர் படியிறங்குவதற்குள் உள்ளே முதல் கூடு நசுங்குகிற சத்தம் கேட்டது.

மூடும் நேரத்துக்கு முன்னால் கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கியைப் பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். லெட்சுமி அவர் நெற்றியைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீடு தங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வால் கிராணிக்கு. கூடு கடைக்காரனுக்கு. சுட்ட உயிருக்குப் பதிலாகச் சாமிக்குக் கொடுக்க இனி என்ன இருக்கிறது? அவர் கைக்கு வருவதெல்லாம் எண்ணி வருகிறது, எண்ணிப் போகிறது.

சனிக்கிழமை காலையில் கிராணியிடம் வாங்கிய பத்துத் தோட்டாவோடு இறங்கினார். ஒன்பது அணில் விழுந்தது. துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான். பத்தாவதைத் தேடிக்கொண்டு எல்லைக் கால்வாய்க்கு வந்தார். முனியாண்டிக்கு நேர் மேலே, கொக்கோக் கிளையில் ஒரு அணில் உட்கார்ந்து காயைக் குடைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழுகிற தூரம். காளியண்ணன் குறிபார்த்தார். பிறகு குழாயை ஒரு முழம் உயர்த்தி, ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார். அணில் வாலைத் தூக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவி ஓடியது. அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது ஒனக்கு,” என்று சாமியிடம் சொன்னார். வெறும் கூட்டைக் கடைக்காக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கிராணி தேவதாஸ் மேசைக்கு முன்னால் வால்களை இரண்டு தடவை எண்ணினார்.

“பத்துத் தோட்டா, ஒம்போது வாலு. என்னா காளியண்ணே, பன்னெண்டு வருசத்துல இல்லாத அதிசயமா இருக்கு?”

“ஒண்ணு தவறிடுச்சு கிராணி.”

“நீயா? தவறிடுச்சா?” தேவதாஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தோட்டத்துக்கே தெரியும், ஒனக்குக் குறி தவறாதுன்னு. இத எழுதினா சம்பளத்துல புடிப்பாங்க, பேரும் போயிடும்.”

காளியண்ணன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“பரவால்ல கிராணி. இனிமே வாரத்துக்கு ஒண்ணு தவறும். இப்பவே எழுதிக்குங்க.”